புதுப்பித்த 1969 செவெல் வாங்க முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

பழைய அமெரிக்க மசில் கார் (சக்திமிக்க எஞ்சின் பொருத்திய இரண்டு கதவுக் கார்) ஒன்றை, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது என்ற விளம்பரத்தைப் பார்த்து வேறு மாநிலத்து வியாபாரியிடமிருந்து வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிச்சிகனில் வசிக்கும் நான், தென்மாநிலம் ஒன்றில் கடை வைத்திருக்கும் வியாபாரியிடம் 58,000 டாலர் கொடுத்து 1969-ஆம் ஆண்டின் செவர்லே செவெல் எஸ்எஸ் 396 வாங்கினேன். எஸ்எஸ் என்பது செவெலின் வேகமான, விலை கூடிய வகை; 396 என்பது அதன் பெரிய எஞ்சினின் கன அங்குல அளவு. லாரியிலிருந்து இறங்கியது எஸ்எஸ் அல்ல. எஸ்எஸ் சின்னங்கள் ஒட்டப்பட்ட சாதாரண மாலிபு, அதாவது செவெலின் வழக்கமான வகை. அதிலிருந்த எஞ்சின் அந்தக் காருக்குரியது அல்ல. பின்சக்கரங்களுக்கு மேலுள்ள பக்கத் தகடுகளில் இரும்பைவிட, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிதான் அதிகமாக இருந்தது.

இந்த ஏமாற்று குறிப்பாக 1969 செவெலில் எளிதாக நடப்பதற்குக் காரணம் உண்டு. 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடலாக இருந்ததால் அதன் அடையாள எண் 138 என்று தொடங்கும். எண்ணைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். 1969-இல் செவர்லே அதைத் தனி மாடலாக வைத்திருக்காமல், ஏறத்தாழ 348 டாலர் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்ளும் இசட்25 என்ற விருப்பத் தொகுப்பாக மாற்றிவிட்டது. அதனால் எஸ்எஸ் தொகுப்புடன் வந்த மாலிபு கூப்பேக்கும், தாத்தா பாட்டிமார் கடைக்குப் போய்வர வாங்கிய வி8 மாலிபு கூப்பேக்கும் அடையாள எண் 13637 என்றே தொடங்குகிறது. எந்த எஞ்சின் பொருத்தப்பட்டது என்பதும் அந்த ஆண்டின் எண்ணில் இல்லை. இதே வகையான வேறு கார்களில் இந்தச் சிக்கல் குறைவு: பாண்டியாக் ஜிடிஓ வாங்குபவருக்கு 1966 முதல் 1971 வரையிலான கார்களில் 242 என்ற தொடக்கம் துணைநிற்கிறது. 1969 மஸ்டாங்கில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்து க்யூ அல்லது ஆர் என்றிருந்தால் 428 கோப்ரா ஜெட் என்ற பெரிய எஞ்சினுடன் வந்தது என்று அறியலாம். 1967 முதல் தயாரான பழைய ஃபோர்டு கார்களுக்கு ஆலைப் பதிவிலிருந்து அந்தக் கார் எப்படித் தயாரானது என்று சொல்லும் மார்ட்டி அறிக்கையும் பெறலாம். அமெரிக்காவில் விற்ற அக்காலச் செவெல்களுக்கு அப்படிக் கேட்டு வாங்கத்தக்க ஆலைப் பதிவு எதுவும் இல்லை. கார்ஃபாக்ஸ் போன்ற வரலாற்று அறிக்கைகளும் உதவா. அவை 1981-இல் வந்த 17 இலக்க எண்ணை அடிப்படையாகக் கொண்டவை. எஞ்சியிருப்பது காரோடு தப்பிப் பிழைத்த காகிதங்களும் இரும்பில் பொறித்த எண்களும்தான்.

விளம்பரத்தில் மூன்று உறுதிமொழிகள் இருந்தன: நம்பர்ஸ் மேட்சிங், அதாவது ஆலையில் பொருத்திய அதே எஞ்சின், ஃபிரேம் ஆஃப், அதாவது உடலைச் சேஸிஸிலிருந்து தனியே தூக்கிச் செய்த புதுப்பிப்பு, 43,000 மைல் மட்டுமே ஓடியது. மைல் கணக்கை நான் பொருட்படுத்தவில்லை. அக்கால மீட்டரில் ஐந்து இலக்கங்களே உண்டு, 99,999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இவ்வளவு பழைய வண்டிகளுக்கு மீட்டர் அளவை எழுதித்தர வேண்டும் என்ற கூட்டரசு விதியிலிருந்தும் விலக்கு உண்டு. மற்ற இரண்டையும் மின்னஞ்சலில் வெளிப்படையாகக் கேட்டேன். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுத்தில் பதில் வந்தது. எஞ்சின் முத்திரையின், அதாவது அதில் பொறித்த எண்ணின், படம் கேட்டதற்கு, இலக்கங்கள் தெரிந்தும் தெரியாமலும் மங்கிய ஒரு படம் வந்தது. நான் அமர்த்திய பரிசோதகர் நேரில் போனபோது, காப்பீட்டு விதி இடம் தராது என்று சொல்லி லிஃப்டில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஆகவே அவருடைய அறிக்கை பெயின்ட், இருக்கை, குரோமியப் பட்டைகள் ஆகியவற்றைப் பற்றியதாகவே முடிந்தது, அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு வேறொருவர் பணத்துடன் காத்திருக்கிறார் என்ற வழக்கமான நெருக்கடி.

கார் வந்த சில நாளில் ஒரு மழை பெய்தது. டிக்கியில் தண்ணீர் தேங்கியது. பழைய செவர்லேக்களை மட்டுமே பார்க்கும் உள்ளூர் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காரை லிஃப்டில் ஏற்றி, பானட்டைக்கூடத் திறக்காமல், முதலில் பின் ஆக்சிலின் மூடியைத்தான் பார்த்தார். 1969-இல் 396 எஞ்சினுடன் வந்த செவெலுக்கு 12 போல்ட் ஆக்சில், அதாவது மூடியைப் பன்னிரண்டு போல்ட்கள் பிடித்திருக்கும் ஆக்சில், இருக்க வேண்டும். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார், பத்தோடு நின்றுவிட்டது. விற்பனைக் கூடத்தில் ஒருவர் தரையில் முழங்காலிட்டு டார்ச் அடித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது, லிஃப்ட் தர மறுத்ததன் பொருளும் இதுவே.

எஞ்சினின் முத்திரை, பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய சமதளத்தில் இருக்கும். ஆலையில் அந்தத் தளத்தைச் சீவிய கருவி மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்கும். என் காரில் அந்த இடம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. இலக்கங்களில் இரண்டு மற்றவற்றைவிட ஆழமாகவும் சற்றுச் சாய்ந்தும் இருந்தன. பழைய எஞ்சினை நேர்மையாகப் பழுதுபார்க்கும்போதும் அந்தக் கோடுகள் அழிந்துபோகலாம் என்பதால் இது மட்டும் சான்றாகாது. ஆனால் வார்ப்புத் தேதியை யாரும் சுத்தியல் கொண்டு திருத்த முடியாது. பிளாக்கில் வார்ப்பிலேயே வந்த எழுத்துகள் ‘டி 15 0’ என்றிருந்தன. நான்காம் எழுத்தான டி நான்காம் மாதம், கடைசி 0 ஆண்டின் இறுதி இலக்கம், அதாவது 1970 ஏப்ரல் 15. காரின் உடல் செய்யப்பட்ட காலமோ, எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரில் அறைந்த தகட்டின்படி ‘03பி’, மார்ச் இரண்டாம் வாரம், 1969. கார் ஆலையை விட்டு வெளியேறி ஓராண்டு கழிந்த பிறகே அதன் ‘சொந்த’ எஞ்சின் வார்க்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதி அந்த எஞ்சினில் பொறிக்கப்பட்டிருந்தது என்பதை எப்படி விளக்குவது என்று வியாபாரியிடம் எழுதிக் கேட்டேன்; அந்தக் கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.

ஃபிரேம் ஆஃப் என்ற உறுதிமொழியும் அதே கதிதான். உடலையும் சேஸிஸையும் இணைக்கும் போல்ட்கள் துருவோடு துருவாக ஒட்டிக்கிடந்தன, ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. அவற்றை யாரும் பல பத்தாண்டுகளாகக் கழற்றியதில்லை. சேஸிஸில் அடித்த கறுப்பு பெயின்ட் பிரேக் டியூப், எரிபொருள் டியூப், மண் கட்டி என்று எதிர்ப்பட்ட எல்லாவற்றின்மீதும் படிந்திருந்தது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பக்கத் தகட்டின் மேலிருந்து கீழே நகர்த்தியபோது, சக்கர வளைவின் பின்பக்கத்தில் அது பிடிப்பின்றி நழுவி விழுந்தது. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கதவில் 250 மைக்ரான் அளவில் காட்டியது; நன்றாக மறுபெயின்ட் அடித்த காருக்கு அது இயல்பு. அந்தப் பக்கத் தகட்டின் கீழ்ப்பகுதியிலோ 1,500-ஐத் தாண்டியது. டிக்கித் தரையின் ஓரத்தில் துருப்பிடித்த ஓட்டையை வெட்டி எடுத்து வெல்டு செய்யாமல், ஃபைபர் பாயை ஒட்டி, பட்டி போட்டு, மேலே ஆலைப் பாணியில் புள்ளி புள்ளியான பெயின்ட் தெளித்திருந்தார்கள். மழைநீர் வந்த வழி அது.

வியாபாரியின் பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. முதலில், ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்றார். பிறகு, விளம்பர வாசகம் வெறும் கருத்து என்றார். கடைசியில், கார் தன்னுடையதே அல்ல, உரிமையாளர் கமிஷனுக்கு விற்றுத்தரச் சொல்லி விட்டுச்சென்றது, அவர் சொன்னதையே தாம் எழுதியதாகச் சொன்னார். விற்பனைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், விளம்பரம் முழுக்கக் கொட்டை எழுத்தில் இருந்த எஸ்எஸ் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. ‘1969 செவர்லே செவெல்’ என்று மட்டுமே இருந்தது. இது தற்செயல் என்று நான் கருதவில்லை. அதே தாளில், வழக்குத் தொடுத்தால் அவர்களுடைய கவுன்டியில்தான் தொடுக்க வேண்டும் என்றும், அந்தத் தாளுக்கு வெளியே சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் சேராது என்றும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

நம்மவர்கள் பலர் எந்தக் காரையும் மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று நம்புகிறார்கள். அந்தக் கூட்டரசு விதி வீடு தேடி வந்தோ தற்காலிகக் கூடத்திலோ விற்பவற்றுக்கானது. வியாபாரியின் நிலையான கடையில், அல்லது தொலைபேசி, இணையம் வழியே வாங்கிய காருக்கு அது பொருந்தாது. நான் கலந்துபேசிய வழக்கறிஞர் சொன்னது இது: ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் சட்டம் தானாகத் தரும் உத்தரவாதங்களை நீக்கும், விற்பவர் பொருளை இன்னதென்று வெளிப்படையாக விவரித்துத் தந்த உத்தரவாதத்தை அவ்வளவு எளிதில் நீக்காது. ஆனால் அந்த விவரணை பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் வழக்கு வலுப்படும். மின்னஞ்சலில் இருந்தால் அதை உள்ளே கொண்டுவரவே தனியாகப் போராட வேண்டும்.

ஆகவே முன்பணத்துக்கு முன்பே விற்பனைப் பத்திரத்தின் வரைவைக் கேளுங்கள்; ‘எஸ்எஸ் 396, ஆலையில் பொருத்திய எஞ்சின்’ என்று அதில் எழுத மறுப்பவரிடம் அந்த விலையைக் கொடுக்காதீர்கள். முத்திரைத் தளம், வார்ப்புத் தேதி, உடல் தகடு ஆகிய மூன்றுக்கும் பக்கவாட்டில் வெளிச்சம் விழ எடுத்த தெளிவான படங்கள் வேண்டும். உடலைத் தூக்கிச் செய்தவர் அந்தப் படங்களை எடுக்காமல் இருக்கமாட்டார், அவற்றையும் கேளுங்கள். லிஃப்ட் இல்லை என்றால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வாடகை கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். எஸ்எஸ் போல மாற்றிக் கட்டிய மாலிபுவை மாலிபு என்றே சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் தவறில்லை. ஓட்டுவதற்கு அதுவும் இனிய கார்தான். என் காருக்கு மதிப்பீட்டாளர் இட்ட தொகை 34,000 டாலர், துரு வேலையைக் கழிக்காமல்.

வியாபாரியின் மாநிலத்து அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். கமிஷனுக்கு விட்டவரின் பெயரைத் தர இயலாது என்று வியாபாரி அங்கே எழுத்தில் பதிலளித்திருக்கிறார். அந்தப் பெயரை நீதிமன்ற உத்தரவின் வழியே பெறுவதற்கான மனுவை வழக்கறிஞர் இப்போது தயாரித்து வருகிறார்.