பிளெண்டரின் ‘சவுண்ட் டு சாம்பிள்ஸ்’: வாயசைப்புக்கும் தாளத்துக்கும் எவ்வளவு தூரம் நம்பலாம்?

பாட்டின் தாளத்துக்கு விளக்கு துடிக்க வேண்டும், வசனத்துக்குப் பொம்மையின் தாடை அசைய வேண்டும். இதற்காக ஃப்ரேம் ஃப்ரேமாகக் கீ (அந்த ஃப்ரேமின் மதிப்பைப் பதியும் குறி) போட்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரின் கிராஃப் எடிட்டரில் (அசைவுக் கோடுகளைத் திருத்தும் ஜன்னல்) சேனல் மெனுவுக்குள் ‘சவுண்ட் டு சாம்பிள்ஸ்’ இருக்கிறது. பழைய பதிப்புகளில் அது கீ மெனுவில் ‘பேக் சவுண்ட் டு எஃப்-கர்வ்ஸ்’ என்ற பெயரில் இருந்தது. ஒலிக்கோப்பைக் கொடுத்தால் அதன் என்வலப்பை, அதாவது அலையின் உச்சிகளைத் தொட்டபடி ஏறி இறங்கும் கோட்டை, அனிமேஷன் கர்வாக மாற்றித் தரும். இலவச மென்பொருளில் இது அருமையான வசதி. ஆனால் அதில் முன்கூட்டியே இருக்கும் எண்களை அப்படியே விட்டால் பேச்சுக்கு உதவாது.

முதலில் ஒரு எம்ப்டியை, அதாவது படத்தில் தெரியாத வெற்றுப் பொருளை, சேர்த்து, அதன் இசட் லொகேஷனுக்கு மட்டும் ஒரு கீ போடுங்கள். கிராஃப் எடிட்டரில் அந்த ஒரு சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள். எக்ஸ், ஒய் சேனல்களும் தேர்வில் இருந்தால் மூன்றிலும் ஒரே கர்வ் எழுதப்பட்டுவிடும். பிறகு, ஒலி எந்த ஃப்ரேமில் தொடங்குகிறதோ அங்கே போய் நின்றுகொண்டு கட்டளையைக் கொடுங்கள். தற்போதைய ஃப்ரேமிலிருந்துதான் எழுதத் தொடங்கும். ‘ஒலிக்கும் அசைவுக்கும் பொருந்தவில்லை’ என்ற புகார் பலமுறை இங்கேதான் பிறக்கிறது.

கோப்பைத் தேர்வுசெய்யும் ஜன்னலின் ஓரத்தில்தான் எல்லா அளவுகளும் இருக்கின்றன. கண்ணில் படாவிட்டால் பற்சக்கரக் குறியைத் தட்டுங்கள். தொடக்கத்தில் அட்டாக் (கோடு ஏற எடுக்கும் நேரம்) 0.005 நொடி, ரிலீஸ் (இறங்க எடுக்கும் நேரம்) 0.2 நொடி, அதிர்வெண் எல்லை 0 முதல் 1,00,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது எதையும் வடிகட்டாது.

இவற்றில் ரிலீஸைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். உச்சத்தைத் தொட்ட கோடு அதில் பத்தில் ஒரு பங்காக இறங்க ஆகும் நேரம் அது. என்வலப் முழு ஒலி வேகத்தில் கணக்கிடப்பட்டு, அதன்பிறகுதான் ஃப்ரேமுக்கு ஒரு மதிப்பு வீதம் எடுக்கப்படுகிறது. 24 ஃப்ரேம் காட்சியில் இரண்டு ஃப்ரேமுக்கு இடையே 41.7 மில்லிநொடி. ஒரே பலத்தில் விழும் இரண்டு தட்டுகளில் ஒன்று சரியாக ஃப்ரேமின் மேல் விழுந்தால் 1 என்று பதிவாகும். மற்றது ஃப்ரேம் தாண்டிய உடனே விழுந்து சட்டென்று அடங்கினால், அடுத்த ஃப்ரேமுக்குள் 0.62 ஆகத் தேய்ந்திருக்கும். ரிலீஸை 0.05 ஆகக் குறைத்தால் அதே தட்டு 0.15க்கு விழும், 0.4 என்று வைத்தால் 0.79 நிற்கும். ஒரே சீரான தாளத்துக்கு விளக்கு ஒருமுறை பளிச்சென்றும் ஒருமுறை மங்கலாகவும் எரிவதற்கு இதுவே காரணம். தாள வாத்தியத்துக்கு ரிலீஸைக் கூட்டுங்கள். தட்டு விழுந்ததா இல்லையா என்பது மட்டும் போதுமென்றால் ‘ஸ்கொயர்’ பொத்தானை அழுத்தி வாசலளவு (எந்த உயரத்தைத் தாண்டினால் தட்டு என்று கொள்வது) கொடுத்துவிடுங்கள், உயர வேறுபாடே இருக்காது.

பேச்சுக்கு நேர்மாறு. 0.2 நொடிக்குள் அடுத்த அசை வந்துவிடும், வாய் மூடவே நேரமிருக்காது. 0.08 அளவில் தொடங்கிப் பாருங்கள். அதிர்வெண் எல்லை அதைவிட முக்கியம். ‘ம்’, ‘ன்’ ஒலிகளில் காற்று மூக்கு வழியாகப் போகிறது. ‘ம்’ சொல்லும்போது உதடே மூடியிருக்கிறது, ஆனால் கீழ் அதிர்வெண்களில் முனகல் பலமாகக் கேட்கும். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளின் சீறலோ 4000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவும், அப்போது பற்கள் ஏறக்குறைய சேர்ந்திருக்கும். வடிகட்டாமல் பேக் செய்தால், அதாவது கர்வாக எழுதினால், ‘அம்மா’வின் நடுவிலும் தாடை தொங்கும். கீழெல்லை 400, மேலெல்லை 3000 என்று வைத்தால் உயிரொலிகள் முன்னுக்கு வரும், தாடை திறக்க வேண்டிய இடத்தில் திறக்கும். உதட்டின் வடிவம் மட்டும் இதில் கிடைக்காது. ‘ஊ’வுக்கும் ‘ஆ’வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒலியின் உயரம் சொல்லாது. அது வேண்டுமானால் ருபார்ப் லிப் சின்க் போன்ற கருவிக்குப் போங்கள். தமிழ் வசனத்துக்கு அதன் ‘ஃபொனெடிக்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்ற முறை ஆங்கிலத்துக்கானது.

வடிகட்டியின் சரிவு மென்மையானது என்பது ஒரு குறை. கலந்து முடித்த பாட்டில் 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் கிக் டிரம்மோடு பேஸ் கிடாரும் சேர்ந்தே வரும். தனித்தனி டிராக்குகள் கிடைத்தால் அவற்றையே கொடுங்கள். வலது, இடது ஒலிகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் அளக்கிறது.

வரும் எண் டெசிபல் அல்ல, நேரடி அலைவீச்சு. வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் இருந்தால் கர்வ் 0.25ஐத் தாண்டாது. அதனால் எம்ப்டியில் இருக்கும் கர்வைத் தொடாமல், தாடைக்கு ஒரு டிரைவர் (ஒரு மதிப்பைக் கொண்டு இன்னொன்றை இயக்கும் இணைப்பு) போட்டு, மதிப்பிலிருந்து 0.02 கழித்து 4ஆல் பெருக்கி, 0க்கும் 1க்கும் இடையே நிறுத்துங்கள். மெல்லிய ஒலியும் தெரிய வேண்டுமென்றால் வர்க்கமூலம் எடுங்கள். ஒரே எம்ப்டியிலிருந்து எத்தனை பொருளை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

கோடு நடுங்கினால் அட்டாக்கைக் கூட்டாதீர்கள், அசைவு ஒலிக்குப் பின்தங்கும். ‘சாம்பிள்ஸ் டு கீஸ்’ கொடுத்துவிட்டு காஸியன் ஸ்மூத் போடுங்கள். அது இருபக்கமும் சமமாக மழுப்புவதால் உச்சம் இடம் மாறாது. இன்னொரு எச்சரிக்கை: பேக் ஆன கர்வ் ஒலிக்கோப்போடு தொடர்பில் இல்லை. 24இல் பேக் செய்துவிட்டுக் காட்சியை 25 ஃப்ரேமுக்கு மாற்றினால், ஒரு நிமிடத்துக்கான 1440 ஃப்ரேமும் 57.6 நொடியில் ஓடிவிடும், கடைசியில் 2.4 நொடி பிசகு. மீண்டும் பேக் செய்வதே எளிய வழி. முன்னோட்டம் பார்க்கும் வசதி இல்லாததால் ஒவ்வொரு எண் மாற்றத்துக்கும் இதே வேலை, அதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளின் ‘கன்வர்ட் ஆடியோ டு கீஃப்ரேம்ஸ்’ இடது, வலது, இரண்டும் என மூன்று ஸ்லைடர் தருகிறது, அதிர்வெண் கேட்பதில்லை. ஹூடினி மென்பொருளின் ‘என்வலப் சாப்’ என்ற கருவி இரண்டையும்விட ஒரு விஷயத்தில் மேல்: ஒலி மட்டுமல்ல, எந்த அனிமேஷன் சேனலையும் ஏற்கும். கேமரா எவ்வளவு நடுங்குகிறதோ அவ்வளவு தூசி பறக்க வேண்டும் என்பது போன்ற வேலைக்கு அது வேண்டும். பிளெண்டரில் இதற்குப் பொத்தான் இல்லை, சிறு பைத்தான் நிரல்தான் கைகொடுக்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கர்வின் மதிப்பை ‘இவால்யுவேட்’ கொண்டு எடுத்து, முதலில் நடுமதிப்பைக் கழியுங்கள். இல்லாவிட்டால் 3 மீட்டர் உயரத்தில் நடுங்கும் கேமராவுக்கு விடை எப்போதும் 3ஐ ஒட்டியே வரும். பிறகு குறியை நீக்கி, நகரும் சாளரத்துக்குள் (அடுத்தடுத்த சில ஃப்ரேம்களுக்குள்) பெரிய எண்ணை எடுத்துப் புதிய கீயாக எழுதுங்கள். சாளரம் அரைச் சுற்றுக்குக் குறையக் கூடாது. நடுக்கம் 12 ஃப்ரேமுக்கு ஒரு சுற்று என்றால், குறி நீக்கியபின் 6 ஃப்ரேமுக்கு ஒரு முகடு வரும். 7 ஃப்ரேம் சாளரம் வைத்தால் எப்போதும் ஒரு முகடு உள்ளே இருக்கும், 4 வைத்தால் தூசியும் சற்று ஏறி இறங்கும்.