விண்டோஸ் 11க்கு மாறினப்புறம் வந்த தலைவலியும் உள்ளேயே இருந்த மருந்தும்: ரிப்பேர் டூல்ஸ் ரிவ்யூ

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடியுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க இல்லையா, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அக்காவோட லேப்டாப்பை விண்டோஸ் 11க்கு மாத்திக் கொடுத்தேன். எட்டாவது ஜெனரேஷன் இன்டெல், 8 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேக்கிற பாதுகாப்பு சிப்) எல்லாம் இருந்துச்சு, விண்டோஸ் 11 ஓடுமான்னு பாத்துச் சொல்ற பிசி ஹெல்த் செக் ஆப்பும் பச்சை டிக் போட்டுச்சு, ரெண்டு மணி நேரத்துல வேலை முடிஞ்சு லாகின் ஸ்க்ரீன் வந்துடுச்சு. ஒரு நாள் நல்லாத்தான் ஓடுச்சு, அதுக்கு அடுத்த நாள் காலைல போன். "டேய், ஸ்க்ரீன் கண்ணு சிமிட்டுற மாதிரி சிமிட்டுதுடா, வைஃபை விட்டு விட்டு வருது, பிரிண்ட் கொடுத்தா ஒண்ணும் வரல, ஃபேன் நிக்காம கத்துது, நாளைக்கு நான் ஃபைல் அனுப்பணும்." அவ மொழிபெயர்ப்பு வேலை பாக்குறவ, அந்த லேப்டாப்தான் அவளுக்கு ஆபீஸ், டிக்‌ஷனரி, கணக்கு நோட்டு எல்லாமே. நான் போய்ச் சேர்றதுக்குள்ள பதட்டத்துல ரெண்டு காரியம் நடந்திருந்துச்சு. ஒண்ணு, "உங்க ட்ரைவர் எல்லாத்தையும் ஒரே கிளிக்ல சரி பண்றோம்"னு வந்த ஒரு சாஃப்ட்வேருக்கு ஒரு வருஷக் காசு கட்டியிருந்தா (ட்ரைவர்னா ஸ்க்ரீன், வைஃபை மாதிரி ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்). இன்னொண்ணு, சர்வீஸ் பண்றவர் ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டிருக்கா, அவர் மிஷினைப் பாக்காமலேயே ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாகும்னு சொல்லிட்டார்.

இந்த ரிவ்யூ அந்த ரெண்டையும் பத்தினது இல்ல, விண்டோஸ்குள்ளயே சும்மா கிடக்கிற ரிப்பேர் டூல்ஸ் பத்தினது. நாலு நாள் உக்காந்து ஒவ்வொண்ணா பயன்படுத்திப் பாத்துட்டுதான் எழுதுறேன். 5க்கு 4 தாராளமா கொடுப்பேன், ஒரு மார்க் ஏன் குறையுதுன்னு அங்கங்க சொல்றேன்.

முதல்ல ஃபேன் விஷயம், ஏன்னா எல்லாரும் பயப்படுறது இதுக்குத்தான், ஆனா இதுக்குப் பெரும்பாலும் எந்த டூலும் தேவையில்ல. அப்கிரேடு முடிஞ்ச உடனே விண்டோஸ் உள்ள இருக்கிற ஃபைல் எல்லாத்தையும் தேடுறதுக்காக மறுபடி இன்டெக்ஸ் போடும், கூடவே பாக்கி இருக்கிற அப்டேட்டையும் இறக்கும், அதனால டிஸ்க்கும் ப்ராசஸரும் சில மணி நேரம் முழு வேகத்துல ஓடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்தா சர்ச் இன்டெக்ஸர்னு மேல நிக்கும். சார்ஜர் போட்டு, ஸ்லீப் போகாம செட் பண்ணி, ராத்திரி முழுக்க விட்டுட்டேன், காலைல சத்தமே இல்ல. இன்னொரு விஷயம், ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணா மிஷின் புதுசா தொடங்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணும்போது விண்டோஸ் தன்னோட உள்பகுதியை டிஸ்க்ல அப்படியே சேவ் பண்ணி வச்சுக்கும், ட்ரைவர் குழப்பம் இருந்தா அதுவும் சேர்ந்து திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தாதான் நிஜமா முதல்ல இருந்து தொடங்கும். அக்கா மூணு தடவை ஷட்டவுன் பண்ணியிருக்கா, ஒரு தடவை கூட ரீஸ்டார்ட் பண்ணல.

அடுத்தது ஸ்க்ரீன் சிமிட்டுறது. இதுக்கு ஒரு அருமையான சோதனை இருக்கு, யாருக்காவது இந்தப் பிரச்சனை இருந்தா முதல்ல இதைப் பண்ணுங்க. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுட்டு உத்துப் பாருங்க. மத்த எல்லாம் சிமிட்டி டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாம நின்னா ஏதோ ஒரு ஆப் ஒத்துப் போகலன்னு அர்த்தம். அதுவும் சேர்ந்து சிமிட்டினா டிஸ்ப்ளே ட்ரைவர். எங்களுக்கு அதுவும் சேர்ந்துதான் சிமிட்டுச்சு. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேர்த்து அழுத்தினா கிராஃபிக்ஸ் ட்ரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், ஒரு செகண்ட் இருட்டாகி ஒரு பீப் சத்தத்தோட திரும்ப வரும். வந்துச்சு, பத்து நிமிஷம் ஒழுங்கா இருந்துச்சு, மறுபடி சிமிட்ட ஆரம்பிச்சுது. சரி, ட்ரைவர்தான்னு முடிவாச்சு.

இங்கதான் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா லிஸ்ட்லயே இருக்கும். பழைய காலத்து மூஞ்சியா இருக்கேன்னு யாரும் ஒதுக்க வேணாம், அப்கிரேடுக்கு அப்புறம் வர்ற பிரச்சனைல பாதிக்கு மேல இங்கயே தீரும்ங்கிறது என் அனுபவம். மஞ்சள் முக்கோணம் எதுல இருக்கோ அதை டபுள் கிளிக் பண்ணா ஒரு கோட் நம்பர் சொல்லும், 28னா ட்ரைவரே இல்ல, 10னா டிவைஸ் தொடங்க மாட்டேங்குது, 43னா அந்த டிவைஸே பிரச்சனைன்னு சொல்லி விண்டோஸ் அதை நிறுத்தி வச்சிருக்கு. ட்ரைவர் டேப்ல ரோல் பேக் ட்ரைவர்னு ஒரு பட்டன் இருக்கு, முந்தின ட்ரைவர் கையிருப்புல இருந்தாதான் அது வேலை செய்யும், இல்லன்னா மங்கிப் போய் இருக்கும். டிஸ்ப்ளேக்கு மங்கித்தான் இருந்துச்சு. அதனால லேப்டாப் கம்பெனியோட சைட்ல மாடல் நம்பர் போட்டு விண்டோஸ் 11க்கான ட்ரைவரை முதல்ல இறக்கி வச்சுக்கிட்டேன், அப்புறம் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, ட்ரைவரையும் சேர்த்து நீக்குன்னு வர்ற கட்டத்துல டிக் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி புதுசைப் போட்டேன். சிமிட்டல் அத்தோட நின்னுச்சு. ஆனா இந்த வரிசை முக்கியம், இறக்கி வச்சுட்டு அப்புறம் நீக்குங்க.

வைஃபை கதைதான் எனக்குக் கோபம் வந்த இடம். முதல்ல விட்டு விட்டு வந்துட்டிருந்த வைஃபை, அந்தக் காசு கட்டின சாஃப்ட்வேர் "சரி பண்ணதும்" சுத்தமா போயிடுச்சு. ஸ்கேன் பண்ணி 37 பிரச்சனைன்னு சிவப்புல காட்டியிருக்கு, அதுல பாதி நல்லா ஓடிட்டிருந்த ட்ரைவர், அதையும் மாத்தி, வைஃபை சிப்புக்கு வேற மாடலோட ட்ரைவரைப் போட்டு வச்சிருக்கு. டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் பட்டன் இந்தத் தடவை உயிரோட இருந்துச்சு, ஒரே கிளிக், வைஃபை திரும்பி வந்துச்சு. நல்லா ஓடுற ட்ரைவரைத் தொடவே கூடாதுங்க, இதை நான் அடிச்சுச் சொல்வேன். அப்புறமும் கனெக்‌ஷன் நடுவுல அறுந்துட்டே இருந்துச்சு, காரணம் எப்பவோ போட்ட ஒரு பழைய விபிஎன் விட்டுட்டுப் போன மிச்சம். செட்டிங்ஸ்ல நெட்வொர்க், அதுல அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதுக்குள்ள நெட்வொர்க் ரீசெட். இது நெட்வொர்க் அடாப்டர் எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டும், சேவ் பண்ணி வச்ச வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போயிடும், அதனால முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. இவ்வளவும் நடக்கும்போது இன்டர்நெட் எப்படின்னா, போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணிட்டா போதும், லேப்டாப்ல வைஃபையே இல்லன்னாலும் நெட் வரும். அக்கா அவளோட ஃபைலை அப்படித்தான் நேரத்துக்கு அனுப்பினா.

பிரிண்டர் பத்து நிமிஷ வேலை. அப்கிரேடுக்கு முன்னாடி கொடுத்த ஒரு பிரிண்ட் பாதியில மாட்டிக்கிட்டு க்யூவை அடைச்சுட்டு இருந்துச்சு, கேன்சல் கொடுத்தா "டெலீட்டிங்"னு காட்டிட்டே நிக்குது. சர்வீசஸ் லிஸ்ட்ல பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்டை வரிசைல வச்சு அனுப்புற சர்வீஸ்) நிறுத்தி, சி ட்ரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் அப்படின்னு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போனா அங்க ரெண்டே ஃபைல் உக்காந்திருந்துச்சு, ஒண்ணு எஸ்பிஎல், ஒண்ணு எஸ்ஹெச்டி. அந்த ரெண்டையும் அழிச்சுட்டு (பிரிண்டர்ஸ் ஃபோல்டரையே அழிச்சுடாதீங்க, உள்ள இருக்கிறதை மட்டும்) ஸ்பூலரை ஸ்டார்ட் பண்ணி, மறுபடி பிரிண்ட் கொடுத்த உடனே பிரிண்டர் கடகடன்னு உருள ஆரம்பிச்சுது.

டிஐஎஸ்எம் (DISM), எஸ்எஃப்சி (SFC)ங்கிற ரிப்பேர் கமாண்ட் ரெண்டையும் பத்தி எல்லாரும் சொல்வாங்க, ஆனா வரிசையைச் சொல்ல மாட்டாங்க. எஸ்எஃப்சி விண்டோஸோட சிஸ்டம் ஃபைல்ல எது கெட்டுப் போயிருக்குன்னு பாத்து, உள்ளேயே இருக்கிற நல்ல காப்பியை எடுத்து வைக்கும். அந்தக் காப்பியே கெட்டுப் போயிருந்தா? அதைத்தான் டிஐஎஸ்எம் சரி பண்ணும், விண்டோஸ் அப்டேட்ல இருந்து புதுசா இறக்கி. அதனால அட்மினிஸ்ட்ரேட்டரா டெர்மினலைத் திறந்து முதல்ல டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த், அது முடிஞ்சு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். எங்களுக்கு டிஐஎஸ்எம் 62.3%ல வந்து நின்னுடுச்சு, கால் மணி நேரம் ஒரு அசைவும் இல்ல, அக்கா தொங்கிடுச்சுன்னு விண்டோவை மூடப் போனா, கையைப் பிடிச்சுத் தடுத்தேன், திடீர்னு 100க்குப் போயிடுச்சு. இது அப்படி நிக்கிறது சகஜம், விட்டுடுங்க. ஒரு குறை, எந்த ஃபைலைச் சரி பண்ணோம்னு ஸ்க்ரீன்ல சொல்லாது, சரி பண்ணிட்டோம்னு ஒரே வரி, விவரம் வேணும்னா நீளமான லாக் ஃபைலைத் தோண்டணும், சாதாரணமா பயன்படுத்துற ஆளுக்கு அது புரியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரிலையபிலிட்டி மானிட்டர். விஸ்டா காலத்துல இருந்தே இருக்கு, இதைத் தெரிஞ்சவங்க கம்மி. ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டின்னு டைப் பண்ணா வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு வரும். திறந்தா நாள் நாளா கட்டம் போட்டு, 1ல இருந்து 10 வரைக்கும் மார்க்கோட ஒரு கோடு போகும், எது க்ராஷ் ஆச்சோ அந்த நாளுக்குக் கீழ சிவப்பு வட்டத்துல பெருக்கல் குறி, நீல குறி வந்தா அன்னிக்கு ஏதோ இன்ஸ்டால் ஆயிருக்கு. அக்கா மிஷின்ல அப்கிரேடு நாள் வரைக்கும் கோடு மேல நேரா போயிட்டிருந்துச்சு, அங்கருந்து அப்படியே மலை மேல இருந்து விழுந்த மாதிரி இறங்கியிருந்துச்சு. ஒவ்வொரு சிவப்பையும் கிளிக் பண்ணிப் பாத்தா எல்லாத்துலயும் ஒரே பேரு, அவ மூணு வருஷமா புதுப்பிக்காம வச்சிருந்த ஆன்டிவைரஸ். வேர்டு தானா மூடிக்கிறதும் அந்தந்த நேரத்துலதான். ஊகம் பண்ணி ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கிறதை விட இந்த ஒரு பக்கம் எவ்வளவோ மேல். சாதாரணமா அன்இன்ஸ்டால் பண்ணா எரர் அடிச்சுது, அதனால ஷிஃப்ட்டை அழுத்திட்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியா போய் 4ஐ அழுத்தி சேஃப் மோடுல (அவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸ் தொடங்குற முறை) வந்து, அந்தக் கம்பெனியே கொடுக்கிற ரிமூவல் டூலை ஓட்டி எடுத்தேன். எடுத்ததும் விண்டோஸோட சொந்த டிஃபெண்டர் தானா ஆன் ஆயிடும், பாதுகாப்பு இல்லாம போயிடுமோன்னு பயம் வேணாம்.

ஃபார்மேட் பண்ணச் சொன்னாரே, அதுக்கு வர்றேன். ஃபார்மேட் பண்ணா அக்காவோட ஃபான்ட், வருஷக்கணக்கா சேர்த்த டிக்‌ஷனரி ஃபைல், ப்ரவுசர்ல இருக்கிற பாஸ்வேர்டு எல்லாத்தையும் மறுபடி கட்டணும், அந்த வலி ஃபார்மேட் பண்ணுன்னு சொல்றவருக்கு இல்ல. எல்லாம் முயற்சி பண்ணியும் சரியாகலன்னா கூட அதுக்கு முன்னாடி ரெண்டு படி இருக்கு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரில விண்டோஸ் அப்டேட் மூலமா பிரச்சனையைச் சரி பண்ணுன்னு ஒரு ஆப்ஷன் வருது, அது விண்டோஸை மட்டும் மேலயே மறுபடி போடும், ஆப், ஃபைல், செட்டிங்ஸ் அப்படியே இருக்கும். அதே பக்கத்துல கோ பேக், அது உங்களைப் பழைய விண்டோஸுக்கே கூட்டிட்டுப் போயிடும். ஆனா 10 நாளைக்குள்ள பண்ணணும், இதுதான் நான் மார்க் குறைக்கிற முக்கியமான இடம், 10 நாள் ரொம்பக் கம்மி. வேலையில இருக்கிறவங்க பிரச்சனையைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிடும். டிஐஎஸ்எம்ல செட் ஓஎஸ் அன்இன்ஸ்டால் விண்டோன்னு ஒரு கமாண்ட் கொடுத்து 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா அந்த 10 நாள் முடியுறதுக்குள்ள கொடுக்கணும், அதுவரைக்கும் இடம் அடைக்குதேன்னு பழைய விண்டோஸ் இருக்கிற விண்டோஸ் டாட் ஓல்டு (Windows.old) ஃபோல்டரை யாரும் தொடாதீங்க. அது போச்சுன்னா திரும்புற வழியும் போச்சு.

இன்னொரு குறை பிட்லாக்கர், அதாவது டிஸ்க்ல இருக்கிறதையெல்லாம் பூட்டி வைக்கிற விண்டோஸோட என்க்ரிப்ஷன். பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டிங்ஸ்) எதையாவது மாத்தினாலோ ஃபர்ம்வேர் அப்டேட் ஆனாலோ நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வந்து 48 இலக்க ரெகவரி கீ கேக்கலாம், என்க்ரிப்ஷன் ஆன்ல இருக்குன்னே தெரியாத ஆளுக்கு அதைப் பாத்தா உயிரே போயிடும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியிருந்தா பெரும்பாலும் அங்க கீ இருக்கும், அப்கிரேடை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய்ப் பாத்து பேப்பர்ல எழுதி வச்சுடுங்க, லேப்டாப்லயே சேவ் பண்ணி வச்சா என்ன பிரயோஜனம்?

காசு வாங்கின அந்த ட்ரைவர் சாஃப்ட்வேருக்கு ரீஃபண்ட் கேட்டு மெயில் போட்டிருக்கோம், பதில் வரல. அதை வாங்காதீங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன், அந்த மாதிரி எதையுமே வாங்காதீங்க. ஒன்பதாவது நாள் ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்து பாத்தோம், அஞ்சு நாளா ஒரு சிவப்பு கூட இல்ல, கோடு மறுபடி மேல ஏறிட்டிருந்துச்சு. அக்காகிட்ட பழைய விண்டோஸ் இனிமே வேணாமான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போய் ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ல டிக் போட்டு அழிச்சேன், 24 ஜிபி இடம் திரும்பி வந்துச்சு.