செப்டம்பரில் கண்ணை மூடிக்கொள்ளும் கருவி

செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம்வரை என் கதிர்க்குருவி எங்கே இருந்தது? பறவையின் மேல் மாட்டி, அது போன இடங்களைப் பிறகு கணக்கிட உதவும் ஜியோலொகேட்டர் என்ற சிறு கருவியை ஆறு வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அது ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. குருவி வலசை போவதோ சரியாக அந்த நாட்களில்தான்.

பறவை ஆய்வில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர், "வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் ஏறி இவ்வளவு நீண்டுவிட்டது.

கருவி வெளிச்சத்தையும் நேரத்தையும் குறித்துவைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நண்பகல் எப்போது வந்தது என்பதிலிருந்து தீர்க்கரேகையைக் கணக்கிடுகிறோம், பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையை. தீர்க்கரேகையில் எனக்குக் குறையே கிடையாது. நண்பகல் நான்கு நிமிடம் தள்ளினால் ஒரு பாகை. கடிகாரம் பிசகாமல் ஓடினால் போதும். வம்பெல்லாம் அட்சரேகையில்தான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சம இரவு நாளை ஒட்டி உலகெங்கும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் ஒரே பகல் என்றால், கருவி எதை வைத்து இடத்தைச் சொல்லும்? முதல் வருடத் தரவைத் திறந்தபோது என் குருவி ஒரு நாள் துருவத்துக்கு அருகில் இருந்தது, மறுநாள் நிலநடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். தப்பு சூரியனுடையது என்று பிறகுதான் புரிந்தது.

மற்ற மாதங்களில் ஒழுங்கா என்றால், அதுவும் முழுதாக இல்லை. டிசம்பரில் அடர்ந்த புதருக்குள் ஒதுங்கும் குருவிக்கு விடிவது தாமதமாகும், இருட்டுவது சீக்கிரமாகும். பகல் சுருங்கியதாக நினைத்துக்கொண்டு கருவி அதை வரைபடத்தில் வடக்கே தள்ளிவிடும். இந்தத் தரவையும் பெற வேண்டுமானால், போன வருடம் மாட்டிவிட்ட அதே குருவியை இந்த வருடம் மீண்டும் வலையில் பிடித்தாக வேண்டும். திரும்பாத குருவி எந்த வழியில் போனது, எங்கே விழுந்தது என்பது அதோடு போயிற்று.

ஆனாலும் நியாயமாகப் பேச வேண்டும். 1899-இல் பறவைகளின் காலில் அலுமினிய அடையாள வளையம் மாட்டத் தொடங்கிய காலத்திலிருந்து, மாட்டிய இடமும் மறுபடி கிடைத்த இடமும்தான் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தன, நடுவே வெற்றிடம். அலாஸ்காவில் கூடு கட்டும், 25 கிராம்கூடத் தேறாத வீட்டியர் குருவி ஆசியா முழுவதையும் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர் போகிறது என்று 2012-இல் காட்டியது இந்தக் கருவிதான். 12 கிராம் எடையுள்ள பிளாக்போல் கதிர்க்குருவி அட்லாண்டிக்கின் மேல் இரண்டு மூன்று நாட்கள் இறங்காமல், 2,270 முதல் 2,770 கிலோமீட்டர்வரை பறப்பதை 2015-இல் உறுதி செய்ததும் இதுவே. அரை கிராம் கருவி! தொடையைச் சுற்றிய மெல்லிய வாரில் ஒரு வருடம் தொங்கி, மழையில் நனைந்து, அழுக்கேறித் திரும்பிவந்ததைக் கணினியில் செருகியதும் வெளிச்சக் கோடுகள் வரிசையாக விரிந்த அந்த மாலை, நான் சாப்பிட மறந்துவிட்டேன்.

காற்றழுத்தத்தையும் பதியும் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. பறவை தரையிறங்கித் தங்கிய நாட்களின் அழுத்தத்தை வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சம இரவு நாளும் புதர் நிழலும் அவற்றைத் தொந்தரவு செய்யா. எடைதான் சிக்கல். பறவையின் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டுக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வரம்பைத் தாண்டும் எதையும் என் குருவியின் முதுகில் ஏற்ற மாட்டேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பெரிய பறவை என்றால் அழுத்தக் கருவிக்குப் போங்கள். சிறிய பறவை என்றால் வளையத்தை மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஜியோலொகேட்டர் வேண்டாம்.

இந்தப் பருவத்துக்கு வாங்கிய பன்னிரண்டும் இப்போது மொட்டைமாடியில், வெளிச்சத்தைச் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பதற்காகத் திறந்த வானத்தின் கீழ் கிடக்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிறது என்று காலையில்தான் ஒருமுறை இடம் மாற்றி வைத்தேன்.