ஆப்பிள் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஓர் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய் ஏமாந்து திரும்பினேன். இலையுதிர்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இப்படிக் கிளம்பும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. மரத்தில் தொங்கும் ஆப்பிளை அவர் பார்த்ததே இல்லை. "ஒரே ஒரு பழத்த என் கையால பறிச்சாப் போதும்டா" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தின் விளம்பரமும் அதையேதான் சொன்னது: நீங்களே பறிக்கலாம், ஆளுக்கு ஒரு பை நிரப்பிக்கொள்ளலாம், அங்கேயே பிழிந்த ஆப்பிள் சாறும் சுடச்சுட டோனட்டும் கிடைக்கும். ஐந்து பேருக்கும் முன்பணம் கட்டிவிட்டேன். வாசலில் டிக்கெட்டைப் பார்த்துப் பைகளைக் கொடுத்த பெண்ணும் சிரித்துக்கொண்டே உள்ளே அனுப்பினார்.

உள்ளே மரம் இருந்தது, பழம் இல்லை. ஒன்றரை மணி நேரம் வரிசை வரிசையாக நடந்தோம். உச்சிக் கிளைகளில் சில பழங்கள் தெரிந்தன, ஆனால் ஏணி வைக்க அனுமதியில்லை. கீழே விழுந்து அழுகிய பழங்களைக் குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. வெயில் படும் வெளிக்கிளைகளில்தான் பழம் முதலில் பழுக்கும், எல்லோரும் அதைத்தான் பறித்துப்போவார்கள், உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்து இலைகளை விலக்கிப் பார்த்தோம். அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தார். சின்னதாக, பச்சையாக இருந்தது. பழுத்த ஆப்பிளை லேசாக மேலே தூக்கித் திருகினாலே காம்போடு கையில் வந்துவிடும். இது வரவில்லை. பலமாக இழுத்தால் அடுத்த வருடத்து மொட்டு இருக்கும் குறுங்கிளையும் சேர்ந்து ஒடிந்துவிடும். "காயா இருக்கு, பாவம், விட்டுருவோம்" என்று அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் டிராக்டர் ஓட்டிவந்த ஊழியரிடம் கேட்டேன். "இந்தப் பக்கமெல்லாம் போன வாரமே பறிச்சு முடிச்சாச்சு சார். அடுத்த ரகம் பழுக்க இன்னும் மூணு வாரம் ஆகும்" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி. ஆக, மரத்தில் பழம் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் டிக்கெட் விற்றிருக்கிறார்கள். என்னால் இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கொட்டகையில் இருக்கும் பெட்டிகளிலிருந்து பையை நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள். "எல்லாம் நம்ம தோட்டத்துப் பழம், இன்னைக்குக் காலைல பறிச்சது." அப்படியென்றால் பரவாயில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பழத்தைக் கையில் எடுத்ததும் சந்தேகம் வந்தது. மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த ஆப்பிளில் மங்கலான ஒரு வெண்படலம் இருக்கும். அது பழத்தின் இயற்கையான மெழுகு. இந்தப் பழங்களோ கண்ணாடி மாதிரி பளபளத்தன. கழுவும்போது இயற்கை மெழுகு போய்விடும் என்பதால் மொத்த வியாபாரத்துக்குப் போகும் பழங்களுக்கு மறுபடி மெழுகு பூசுவது வழக்கம். காம்புகள் பழுப்பேறிச் சுருங்கியிருந்தன. இரண்டு பழங்களில் ஸ்டிக்கரை உரித்த பசை விரலில் ஒட்டியது.

ஒரு பெட்டியில் காலா என்றும் இன்னொன்றில் ஃபியூஜி என்றும் ஆப்பிள் ரகத்தின் பெயர் எழுதியிருந்தது. பூத்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் காலா பறிப்புக்கு வந்துவிடும். ஃபியூஜிக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். சீசன் தொடங்கும் நேரத்தில் ஒரே தோட்டத்தில் இரண்டையும் அன்று காலையில் பறித்திருக்க வழியே இல்லை. ஆக்ஸிஜனைக் குறைத்த குளிர்ப்பதனக் கிடங்கில் ஆப்பிளை மாதக்கணக்கில் வைக்க முடியும், போன வருடத்துப் பழம் இந்த வருடக் கோடை முடியும்வரைகூடத் தாங்கும். அதைச் சாப்பிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, கடையில் நாமே வாங்குவதுதான். ஆனால் கடைப் பழத்தைக் கடையை விட இரண்டு மடங்கு விலைக்கு, இன்று பறித்தது என்று சொல்லி என் அம்மா கையில் கொடுத்தது பொய்.

டோனட் ஆறிப்போயிருந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாறு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான்கு வயது மகள் ஒரு கோப்பை முழுக்கக் குடித்துவிட்டாள். அம்மாவும் குடித்தார். அப்புறம்தான் மனைவி, "இது பாஸ்டரைஸ் பண்ணினதா?" என்று, அதாவது கிருமி சாகும்படி சூடுபடுத்தியதா என்று கேட்டாள். "இல்ல மேடம், அப்படியே பிழிஞ்சது, அதான் ருசி" என்று பெருமையாகப் பதில் வந்தது. எந்தப் பலகையிலும் அது எழுதியிருக்கவில்லை.

விலங்குகளின் சாணம் பட்ட தரையில் கிடந்த பழத்தைப் பொறுக்கிப் பிழிந்தால் ஈ.கோலி ஓ157 என்ற கிருமி சாற்றில் கலந்துவிடலாம். ஆப்பிள் சாற்றின் புளிப்பு அதைக் கொல்லாது. 1996-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடுபடுத்தாத ஆப்பிள் சாறு குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு, 1998-இல் அமெரிக்கா இப்படிப்பட்ட பாட்டில்களில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. சின்னக் குழந்தைகளுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். பெரும்பாலும் மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும். ஆகவே ஞாயிறு இரவிலிருந்து வியாழன்வரை மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் யார் கூட இருந்தாலும் கோப்பையைக் கையில் வாங்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பதில் சரியாக வராவிட்டால் பாட்டிலாக வாங்கி வீட்டில் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

கிளம்பும் அன்று காலையிலேயே தோட்டத்துக்குப் போன் செய்து, இன்று எந்த ரகம் மரத்தில் இருக்கிறது, கைக்கு எட்டுமா என்று கேளுங்கள். "நிறைய இருக்கு, வாங்க" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், ரகத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். உண்மையில் பறிப்பு நடக்கும் இடத்தில் அதற்கு உடனே பதில் வரும். பழம் இல்லாவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டவேண்டாம். நான் அதைக் கேட்காமல் கட்டினேன். டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் "விளைச்சலைப் பொறுத்தது" என்று இருந்ததை அவர்கள் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

வண்டியில் ஏறும்போது அம்மா, "பரவால்லடா, மரத்தையாவது பாத்துட்டேன்ல" என்றார். அதைக் கேட்டதும் திரும்பிப் போய் நிரப்பிய பைகளைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

காலி மரங்கள், ஸ்டிக்கர் பசை, பெட்டிகளின் பெயர்ப் பலகை என எல்லாவற்றையும் படம் எடுத்து, திங்கட்கிழமை அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த முறை வந்தால் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று பதில் வந்தது. அது வேண்டாம், முழுப் பணமும் வேண்டும், சாறு விற்கும் இடத்தில் சூடுபடுத்தாதது என்று பலகை வைக்கவேண்டும் என்று எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. நேற்று நுகர்வோர் குறைதீர்ப்பில் புகார் கொடுத்துவிட்டேன், சாறு விஷயத்தை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.