ஸ்பின் தளர்வை அளக்க என்.எம்.ஆரா, இ.எஸ்.ஆரா?

காந்தப் பொருளில் எலெக்ட்ரான் ஸ்பின்கள் (எலெக்ட்ரானுக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்கள்) எவ்வளவு வேகமாகத் தளர்கின்றன, அதாவது கலைந்தபின் சமநிலைக்குத் திரும்புகின்றன என்று தெரிய வேண்டுமென்றால் இ.எஸ்.ஆர். (எலெக்ட்ரான் ஸ்பின் ஒத்திசைவு) வழியாக எலெக்ட்ரானையே கேட்டுவிடலாமே, என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) என்று நடுவில் அணுக்கரு எதற்கு? நியாயமான கேள்விதான். எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் புரோட்டானுடையதைவிடச் சுமார் 658 மடங்கு, சிக்னலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மாங்கனீசு டைஃப்ளூரைடு மாதிரி, சுமார் 67 கெல்வினில் எதிர் ஃபெர்ரோ காந்தமாகும் (அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக நிலைகொள்ளும்) படிகம் கையில் இருந்தால் நான் முதலில் என்.எம்.ஆர். பக்கம்தான் போவேன்.

இ.எஸ்.ஆர். பார்ப்பது படிகத்தின் மொத்தக் காந்தத்தை. 67 கெல்வினை நெருங்கும்போது வளர்வதோ, அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக ஆடும் ஆட்டம். எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்ஜியம். அதனால் அந்த ஆட்டம் ஒத்திசைவுக் கோட்டின் அகலத்தில் மறைமுகமாக மட்டுமே தலைகாட்டும். 67 கெல்வினுக்கு நன்றாகக் கீழே இறங்கினால் இன்னும் மோசம், வெளிக் காந்தப்புலமே இல்லாதபோதும் ஒத்திசைவு சுமார் 260 கிகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும், வழக்கமான 9 கிகாஹெர்ட்ஸ் கருவியில் திரை வெறுமையாக இருக்கும்.

ஃப்ளூரின்-19 அப்படியில்லை. இயற்கையில் கிடைக்கும் ஃப்ளூரின் முழுக்க அதுதான், ஸ்பின் அரை, அதைச் சுற்றி மூன்று மாங்கனீசு அயனிகள்: இரண்டு ஒரு கட்சி, ஒன்று எதிர்க்கட்சி, எனவே எதிரெதிர் ஆட்டம் அங்கே ரத்தாகாது. (மாங்கனீசின் சொந்த அணுக்கருவை 67 கெல்வினுக்கு மேலே நம்ப வேண்டாம், சிக்னலைப் பிடிப்பதற்குள் தளர்ந்துவிடும்.) 1962-இல் ஹெல்லர், பெனடெக் என்ற இயற்பியலாளர்கள் இந்த ஃப்ளூரின் அதிர்வெண்ணைத் தொடர்ந்துபோய்த்தான், உள்காந்தம் (ஒரு கட்சி ஸ்பின்களின் காந்தம்) மாறுநிலையில், அதாவது அந்த 67 கெல்வினை நெருங்கும்போது, மீதமுள்ள வெப்பநிலை இடைவெளியின் சுமார் 0.335 அடுக்காக மறைகிறது என்று காட்டினார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. டி-1-ஐ (அணுக்கரு ஸ்பின் புலத்தின் திசையில் சமநிலைக்குத் திரும்பும் நேரம்) தீர்மானிப்பது புலத்துக்குக் குறுக்கே ஆடும் ஏற்ற இறக்கம். புலத்தோடு சேர்ந்து மெதுவாக ஆடுவது டி-2 (அணுக்கரு ஸ்பின்களின் ஒத்த சுழற்சி குலையும் நேரம்) வழியாகக் கோட்டைத்தான் அகலமாக்கும். இந்தப் படிகத்தில் ஸ்பின்களுக்குப் பிடித்த அச்சு சி-அச்சு, மாறுநிலையில் பெருகுவதும் அந்தத் திசை ஆட்டமே. ஆகவே புலத்தை அதே அச்சில் வைத்து டி-1 மட்டும் அளந்துவிட்டு 'பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

திசைக்குத் திசை மாறும் பண்பை அலசவும், துக்கடாப் படிகத்தை வைத்து வேலை முடிக்கவும் இ.எஸ்.ஆர். கெட்டிக்காரன், அதை மறுக்கவில்லை. அப்புறம் மியூவான் (படிகத்துக்குள் செலுத்தி அளக்கும் ஒரு துகள்): புலமே இல்லாமல் அளக்கலாம், ஆனால் ஆயுள் 2.2 மைக்ரோநொடிதான், முடுக்கி இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். ஃப்ளூரைடில் அது பக்கத்து ஃப்ளூரின்களைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு; அளக்கப்போன இடத்தையே கலைத்துவிட்டதா என்பதைத் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும்.