பள்ளக்கால் (தாழ்வான வயல்) சம்பாவுக்கு எந்த நெல் ரகம்: சி.ஆர். 1009 சப்-1 ஆ, ஆந்திரா பொன்னியா?

ஐப்பசிப் புயல் மழையில் வடிகால் திணறும் வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 தான். தூர்கட்டும் பருவத்தில் இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். நீருக்குமேல் எட்டிப்பார்க்க நீளாமல், சர்க்கரையைச் சேமித்துக் கிடப்பதுதான் சூட்சுமம். கலங்கல் தண்ணீரில் அந்தக் கெடு குறையும். பூக்கும்போது மூழ்கினால், வெள்ளத்தைத் தாங்க வைக்கும் சப்-1 மரபணுவும் கைவிட்டுவிடும். 155 நாள் பயிர், மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் சிக்கல். அரிசி மோட்டா, இட்லிக்கு அருமை.

ஆந்திரா பொன்னி சன்னம், விலை கூடும். ஆனால் மூழ்கிய பயிரில் குருத்து அழுகி, இழுத்தால் கையோடு வரும். மேட்டுக்கால் மட்டும்.

எதுவானாலும் தண்ணீர் வடிந்ததும் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்துத் தூவவும்.