1941 கூப்பே: லிங்கன் காண்டினென்டலா, கேடிலாக் 62-ஆ?

புதுப்பிக்கப்படாமல், ஆலையை விட்டு வந்த கோலத்திலேயே தப்பிப் பிழைத்த 1941 அமெரிக்கச் சொகுசு கூப்பே (இரண்டு கதவுக் கார்) தேடுபவர் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தயங்கி நிற்பார். அழகில் போட்டியே இல்லை. ஃபோர்டு நிறுவனத் தலைவர் எட்செல் ஃபோர்டுக்காக வடிவமைப்பாளர் பாப் கிரகரி வரைந்த காண்டினென்டலை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-லேயே காட்சிக்கு வைத்தது. ஆனால் வண்டியை ஓட்டவும் வேண்டும் என்றால் எங்கள் கை கேடிலாக் பக்கம்தான் நீளும்.

காண்டினென்டலின் தொல்லை அதன் வி12 இன்ஜினில் இருக்கிறது: 4.8 லிட்டர், 120 குதிரைத்திறன். ஃபோர்டு வி8 போலவே இதிலும் எக்ஸாஸ்ட் புகை இன்ஜின் பிளாக்குக்குள் புகுந்துதான் வெளியேறும். அந்தச் சூடு முழுக்கத் தண்ணீரில் இறங்குவதால், ரேடியேட்டர் கொஞ்சம் அடைத்தாலே கொதிக்கும். கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிக்கூட்டில்) காற்றோட்டமும் போதாது. உள்ளே தங்கும் ஈரம் ஆயிலோடு கலந்து சேறாகும். சேறு ஆயில் பம்ப்பின் வடிகட்டி வலையை அடைத்தால், ஆயில் அழுத்தத்தில் வால்வைத் தூக்கும் ஹைட்ராலிக் டேப்பெட் தட்டும், பேரிங் போகும். சலித்துப்போன பலர் வி12-ஐ இறக்கிவிட்டு வேறு வி8 ஏற்றினார்கள். அப்படி மாற்றிய வண்டியைப் பாதுகாக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. நெடுநாள் நின்ற இன்ஜினில் இன்றைய டிடர்ஜென்ட் ஆயிலை அப்படியே ஊற்றாதீர்கள். அது பழைய சேற்றைப் பெயர்த்து நேரே வலையில் சேர்க்கும். முதலில் சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) கழற்றிக் கழுவுங்கள்.

அடுத்து துரு. காண்டினென்டலுக்குத் தனி சேசிஸ் கிடையாது. லிங்கனின் ஸெஃபிர் மாடல் போலப் பாடிதான் பாரம் தாங்குகிறது. கதவுக்கு அடியிலுள்ள சில் அரித்திருந்தால் வண்டி நடுவில் தொய்யும். கீல் தேயாமலேயே கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். காந்தத்தை மட்டும் நம்பி, துருவை மறைக்கப் பூசிய பட்டியைத் தேடுபவர் ஏமாறுவார். பாடி இணைப்புகளை ஆலையிலேயே ஈயம் பூசி இழைத்தார்கள். ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. உள்பக்கமாக விளக்கடித்து, தகட்டின் முதுகைப் பார்ப்பதே வழி.

கேடிலாக்குக்குத் தனி சேசிஸ் உண்டு. சில் அரித்தாலும் டிங்கரிங்கோடு முடியும். அதன் 5.7 லிட்டர், 150 குதிரைத்திறன் வி8-ஐ இரண்டிரண்டாக ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியரோடு பூட்டித்தான் அமெரிக்க ராணுவத்தின் எம்5 டாங்கி ஓடியது. அதே இன்ஜின் 1948 வரை தொடர்ந்ததால் பாகம் தேடுவதும் எளிது. குறை இல்லாமல் இல்லை: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும், பழைய ஹைட்ராமேட்டிக் சீல்களில் ஆயில் கசியும். அந்தக் கியரில் பார்க் நிலை கிடையாது. இன்ஜினை அணைத்து ரிவர்ஸில் போட்டால்தான் பூட்டிக்கொள்ளும். மேலே இருப்பது லாக்கர் பெயின்ட். 80 வருடப் பாலிஷில் மெலிந்திருக்கும். விளிம்புகளில் ப்ரைமர் எட்டிப் பார்த்தால் இனி பாலிஷ் மெஷினைத் தொடவே வேண்டாம்.



லிங்கனோ கேடிலாக்கோ, இரண்டும் 6 வோல்ட். செல்ஃப் மோட்டார் சூட்டில் முக்கினால் உடனே மோட்டாரைப் பழிக்காதீர்கள். யாரோ 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார்கள். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். சுமார் 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும், பெயின்ட் சுரண்டிய சுத்தமான எர்த்தும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.